தாகம் ஆள் மாறிய வருஷம்

சங்குமேட்டில் தாகம் ஆள் மாறிப்போன வருஷம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள், ஆனால் மாதம் பங்குனி என்பதிலும், கிழமை செவ்வாய் என்பதிலும், முதலில் மாட்டிக்கொண்டது கங்காணி பலவேசம்தான் என்பதிலும் அங்கே இரண்டு பேச்சு கிடையாது. அன்று காலை எட்டரை மணி இருக்கும். வெள்ளை வெளேரென்று கிடந்த பாத்திகளில் நாற்பது பெண்கள் குனிந்து பலகையால் உப்பு வாரிக்கொண்டிருக்க, அளத்துக்கே ஒன்றாக நின்ற உடைமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர்களை மேற்பார்த்துக்கொண்டிருந்த பலவேசம் திடீரென்று எழுந்து மரத்துக்குப் பின்னால் போனார், வந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்து போனார், மறுபடியும் வந்தார், இப்படி ஒன்பது தடவை போய் வந்தும் அடிவயிற்றில் முட்டிக்கொண்டிருந்தது இம்மியும் குறையவில்லை. முட்டினால் அந்த நிமிஷமே எழுந்து போய்ப் பழகிய உடம்பு அது. அடக்குவது என்றால் என்னவென்று ஐம்பத்தாறு வயதுவரை அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பத்தாவது தடவை போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, இது என்னுடையது இல்லை என்று கத்தினார்.

சரியாகத்தான் கத்தினார். அது அவருடையது இல்லை. நாலாவது பாத்தியில் ஒன்றும் தெரியாதவளாய் உப்பு வாரிக்கொண்டிருந்த ஜெபக்கனியுடையது.

உப்பளத்துப் பெண்களைத் தெரியாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே ஒதுங்க மறைவு கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான நிலம், நடுவே லாரிப் பாதை, பாதை முழுக்க ஆண்கள், இருக்கிற ஒரு மரமும் கங்காணிக்கு. ஆகையால் விடிகாலை ஐந்து மணிக்கு அளத்தில் இறங்குகிறவள் முந்தின ராத்திரியோடு தண்ணீரை நிறுத்திவிடுவாள், மதியம் ஒரு மணிக்கு வீடு திரும்பிய பிறகுதான் செம்பைத் தொடுவாள். நடுவில் தொண்டை கேட்கும். பொறு என்பாள். அடிவயிறு கேட்கும். பொறு என்பாள். ஒரு வருஷம் பொறு, ரெண்டு வருஷம் பொறு என்று சொல்லிக்கொண்டே வந்தால் ஒருநாள் தொண்டையும் வயிறும் கேட்பதையே விட்டுவிடும். அந்த நாற்பதில் ஒருத்தியான சந்தனமாரிக்கு இருபத்திரண்டு வருஷ உப்பு வேலை. தாகம் என்ற ஒன்று தனக்குக் கடைசியாக எப்போது வந்தது என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. உடம்பில் எது அசைந்தாலும் இடுப்பில் கட்டிய துண்டை இன்னொரு சுற்று இறுக்குவாள், அது அடங்கிவிடும்.

அப்படிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன தாகமும் பசியும் முட்டலும், காது கொடுக்கிற வேறு ஆளைத் தேடிக் கிளம்பிவிட்டன என்பது ஊரில் பாதிப்பேர் சொன்ன காரணம். மீதிப்பேர் காரணமே தேடவில்லை, அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. ஏனென்றால் அந்தச் செவ்வாய்க்கிழமை மாறியது ஒருவருடையது மட்டுமில்லை. ரேஷன் கடைக்காரருக்கு வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு பசித்தது, பம்ப் ஷெட் டேனியலுக்குக் குடத்துத் தண்ணீர் முழுவதையும் குடித்தும் நாக்கு ஒட்டிக்கொண்டது. உணர்ச்சிதான் ஆள் மாறியிருந்ததே தவிர தேவை அவரவரிடமே இருந்தது. உன் தொண்டை காய்ந்தால் குடிக்க வேண்டியவள் வேறு எங்கோ இருக்கிறாள், அவள் குடித்தால்தான் உனக்கு அடங்கும், அவளுக்கோ ஒன்றும் தெரியாது. முதல் வாரம் ஊரே குழம்பிப்போய், யாருடைய பசிக்கோ தான் சாப்பிட்டு, யாருடைய தூக்கத்துக்கோ தான் படுத்து, ஒன்றும் தீராமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள், மனுஷர்கள் எதற்குத்தான் வழி கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு ரேஷன் கடை மைதானத்தில் எல்லோரும் கூடுவது, தொண்டை காய்ந்தவர்கள் ஒரு பக்கம் உட்காருவது, மற்றவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து ஒரு செம்பு தண்ணீர் குடிப்பது. யார் குடிக்கும்போது யாருடைய தொண்டை குளிர்கிறதோ அவர்கள் இரண்டு பேரும் ஜோடி. இதற்குத் தண்ணிக் கூட்டம் என்று பெயர் வைத்தார்கள். உப்பளத்திலும் நடு வேலையில் எவளுக்காவது தொண்டை காய்ந்தால் பலகையை நிறுத்தி, யாருக்குத் தண்ணி, என்று நீட்டிக் கூவுவாள், பாத்திக்குப் பாத்தி அந்தக் கூவல் போகும், சொந்தக்காரி இருக்கிற இடத்தில் குடிப்பாள். ஒரு மாதத்தில் இது பஸ் வருகிற நேரம்போல ஊருக்குப் பழகிவிட்டது.

ஜோடி சேர்ந்ததில் ஊர் அதிகமாகச் சிரித்தது பலவேசத்தையும் ஜெபக்கனியையும் பார்த்துத்தான். அவளுடைய முட்டலும் தலைவலியும் அவரிடம், அவருடைய பசி அவளிடம். ஜெபக்கனிக்கு வயது நாற்பத்தைந்து, மூன்று பிள்ளை பெற்றவள், மூத்த மகள் ஷைனி தலைப்பிள்ளை உண்டாகி வீட்டுக்கு வந்திருந்தாள். பம்ப் ஷெட் டேனியல்தான் ஜெபக்கனியின் புருஷன். இருபது வருஷமாக மனுக் கொடுத்தும் வராத கழிப்பிடம், தகர ஷீட்டும் தாழ்ப்பாளும் தண்ணீர் டிரம்முமாக, பலவேசம் தன் கையாலேயே கம்பு நட்டு மூன்று நாளில் வந்தது. கட்டி முடித்துவிட்டு வரப்பில் நின்று, ஜெபக்கனி, போயிட்டு வா தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போவும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவளோ அவர் நேரத்துக்குச் சாப்பிடாததால் நாள் முழுக்கப் பசியோடு அலைந்து, தீராது என்று தெரிந்தும் கையில் கிடைத்ததை எல்லாம் மென்று, கங்காணி பசிக்குத் தின்னு எனக்குல்லா வயிறு போடுது என்று எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டாள்.

கிராம நர்ஸ் எலிசம்மாள் வாரம் ஒருதரம் ஸ்கூட்டியில் வருகிறவள். அவளுக்கு இது எந்தப் பாடத்திலும் இல்லாத சங்கதி. உடம்பு எப்பவும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கும், மூளை காது குடுத்தாத்தான் நமக்குக் கேக்கும், நீங்க காதப் பொத்திக்கிட்டீங்க என்று விளக்கப் பார்த்தாள். ஜெபக்கனி பொறுமையாகக் கேட்டுவிட்டு, காதப் பொத்தினது நாங்க இல்ல நர்ஸம்மா, மறைவு இல்லாத எடம் என்றாள்.

இத்தனை பேருக்கும் ஒன்று போய் ஒன்று வந்தபோது சந்தனமாரிக்கு மட்டும் எதுவும் வரவில்லை. தண்ணிக் கூட்டத்தில் அவள் குடித்தபோது எந்தத் தொண்டையும் குளிரவில்லை, அவளுடைய தொண்டையிலும் வயிற்றிலும் யாருடையதும் வந்து உட்காரவில்லை. வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும் அவளுக்கு உள்ளுக்குள் நொந்துபோயிற்று. கல்யாணமாகிப் பதினேழு வருஷம், பிள்ளையில்லை. ஊரில் எதைப் பங்கு வைத்தாலும் தன் மடிக்கு வரும்போது தீர்ந்துவிடுகிறதே என்று நினைத்தாள்.

ஒன்பதாம் நாள் அவள் புருஷன் செந்தூர்பாண்டி கொல்லத்திலிருந்து போன் செய்தான். உப்பு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் மலையாளத்தில் கிடப்பான். ஒரு வாரமாகத் தொண்டை எரிகிறது, ஆறு பாட்டில் தண்ணீர் குடித்தேன், இளநீர் குடித்தேன், ஆஸ்பத்திரியில் ஊசியும் போட்டாகிவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை என்றான். சந்தனமாரிக்கு ஏதோ தோன்றியது. போனை வைக்காதீங்க என்று சொல்லிவிட்டு ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தாள். அந்தப் பக்கம் அவன் தொண்டை எரிச்சல் சட்டென்று அடங்கியது.

"இவ்வளவு தாகத்த வச்சுக்கிட்டா பிள்ள இத்தன வருசம் வேல பாத்த?" என்றான் செந்தூர்பாண்டி.

அன்றிலிருந்து போன் அடித்தால் அவள் குடிப்பாள். தகர மறைவு இருந்ததால் குடிப்பதற்குப் பயமும் இல்லை. காலையில் ஏழு மணிக்கு ஒரு தரம், ஒன்பதுக்கு ஒரு தரம், பதினொன்றுக்கு ஒரு தரம் போன் அடிக்கும், அவள் பேசக்கூட மாட்டாள், இடுப்புச் சுருக்குப்பை சத்தம் போட்டதும் குடத்துப் பக்கம் போய்விடுவாள்.

வைகாசி மாதம், உப்புக் கூடையைத் தலைக்கு ஏற்றுகிற நேரத்தில், அவள் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று தட்டியது. உடம்பில் எது அசைந்தாலும் செய்வதைச் செய்தாள், துண்டை இறுக்கினாள். அது மறுபடியும் தட்டியது. இன்னொரு சுற்று இறுக்கினாள். அது இடம் மாறி விலாப்பக்கமாகத் தட்டியது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பதினாறு வருஷமாக ஒரே பாத்தியில் தன்னோடு வேலை பார்க்கிற ஜெபக்கனியிடம்தான் போய் நின்றாள். வலிக்குதாட்டி என்று ஜெபக்கனி கேட்டாள். வலிக்கவில்லை என்றாள். வாயு மாதிரி உருளுதா என்றாள். இல்லை, உள்ளே ஒருத்தர் விரலால் சுண்டுகிற மாதிரி இருக்கிறது, சாப்பிட்டவுடனே இல்லை, எப்போது வரும் என்று தெரியவில்லை, வந்தால் நாலைந்து தரம் வருகிறது என்றாள். ஜெபக்கனி பலகையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

"ஏட்டி, அது பிள்ள," என்றாள்.

சந்தனமாரியின் வயிறு தட்டையாக இருந்தது. நர்ஸ் பார்த்து அதில் எதுவுமில்லை என்றாள். ஆகவே உதை மட்டும் இவளுடையது, பிள்ளை வேறு யாருடையதோ. ஊரில் அப்போது மூன்று கர்ப்பிணிகள், மூவரின் உதையும் ஏற்கெனவே இருக்கிற இடம் தெரிந்தவை; ஷைனியின் பிள்ளை ரேஷன் கடைக்காரர் வயிற்றில்தான் உதைத்துக்கொண்டிருந்தது, அவர் சீனி நிறுக்கும்போது ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே நிறுப்பதை ஊர் அறியும். அப்படியானால் இது யாருடையது? கேள்வி கிளம்பியதுமே ஊர் ஒருமாதிரி ஆகிவிட்டது. வயசுப் பெண் இருக்கிற வீடுகளில் தாய்மார்கள் மகளின் இடுப்பைப் பார்த்தார்கள், மகள்கள் தாயின் கண்ணைப் பார்க்காமல் சோறு தின்றார்கள், தெருக்குழாயடியில் பேச்சு பாதியில் நின்றது. இதைக் கண்டதும் சந்தனமாரி தேடுவதை நிறுத்திக்கொண்டாள். தன் வாயால் ஒரு பெண்ணின் பிழைப்பு கெட்டுவிடக் கூடாது என்று வெளியே சொன்னாள்.

அது பாதி உண்மை. மீதி உண்மை என்னவென்றால், சொந்தக்காரி அகப்படாமலே இருந்தால் தேவலை என்று அவள் ஆசைப்பட்டாள். உப்பு வாரும்போது அதோடு பேசினாள். இது அம்பாரம், மலைமாதிரி குவிச்சிருக்கோம் பாரு என்றாள். போன் அடித்துத் தண்ணீர் குடிக்கும்போது, ஒங்கப்பா கூப்பிடுதாவ என்று சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்துத் தானே திடுக்கிட்டாள். ஆனியில் செந்தூர்பாண்டி வீட்டுக்கு வந்தபோது அவன் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. உதை அவளுக்கு உள்ளே மட்டும்தான் இருந்தது. அவன் கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். ராத்திரியும் பகலுமாக அந்த உதையோடு இருந்த அந்த இரண்டு மாதமும் தனக்குச் சந்தோஷமா பயமா என்று கேட்டால் அவளால் பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது.

ஆடி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு உதை நின்றது.

முதலில் தூங்குகிறது என்று நினைத்தாள். திங்கட்கிழமை முழுக்க வேலையில் கை போகவில்லை, குனியும்போதும் நிமிரும்போதும் வயிற்றுக்குள்ளேயே கவனமாக இருந்தாள், அங்கே எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அளத்துக்குப் போகாமல், நர்ஸின் ஸ்கூட்டி ஊருக்குள் திரும்புகிற இடத்திலேயே போய் நின்று மறித்தாள். எலிசம்மாளுக்கு முகம் மாறிவிட்டது. பிள்ளை அசையவில்லை என்றால் தாய்க்கு இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுத்துக் கால் மணி நேரம் பார்க்க வேண்டும், அசைந்தாலும் அசையாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், இன்றைக்கே, நாளைக்கு என்பது கிடையாது, ஆனால் தாய் யார் என்றாள். சந்தனமாரி ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். ரெண்டு மாசம் நான்தான் தேடாம இருந்துட்டேன் நர்ஸம்மா, எனக்கு வேணும்னு வச்சுக்கிட்டேன் என்றாள்.

அரைமணி நேரத்தில் ஊர் கூடியது. அந்த ஊரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அன்றைக்கு அவர்கள் செய்த காரியத்துக்காக எதையும் மன்னித்துவிடலாம். சந்தேகம் யார்மேலும் விழக்கூடாது என்று சொல்லி, வயசுக்கு வந்த பெண்ணிலிருந்து பல் போன கிழவிவரை எல்லாப் பெண்களும் குடிப்பது என்று முடிவு செய்தார்கள். யாராக இருந்தாலும் யாரும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது என்று சர்ச் மைக்கில் மூன்று தரம் சொன்னார்கள். சர்ச் அசன விருந்துக்கு வைத்திருக்கும் அண்டாவை இறக்கி, ஜெபக்கனி நாலு கிலோ கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி வடித்தாள். எந்த வீட்டுக் காரியமானாலும் அடுப்படியில் நிற்கிறவள் அவள்தான். எட்டு எட்டுப் பேராக மைதானத்தில் உட்காரவைத்து அவளே கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றினாள். ஒரு வரிசை குடித்ததும் கால் மணி நேரம் ஒருவரும் பேசாமல் இருப்பார்கள், சந்தனமாரி வேப்பமரத்தடியில் கண்ணை மூடி இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு உள்ளே காது கொடுப்பாள், பிறகு இல்லை என்று தலையாட்டுவாள், அடுத்த வரிசை உட்காரும்.

முதல் வரிசையில் வயசுப்பெண்கள் நடுங்கிக்கொண்டு குடித்தார்கள். இல்லை. இரண்டாவது வரிசையில் புதுப்பெண்கள். இல்லை. மூன்று, நாலு, ஐந்து என்று வெயில் ஏறிக்கொண்டே போனது. ஆண்கள் ரேஷன் கடை நிழலில் நின்றார்கள். பலவேசம் தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். ஒரு வாரமாகத் தலை பிளக்கிறது, கண்ணுக்குள் மின்னுகிறது, கண்ணாடியை மாத்தணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாவது வரிசையில் ஐந்து பேர்தான், எல்லோரும் அறுபது தாண்டியவர்கள், சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் குடித்தார்கள். கால் மணி நேரம் போனது. சந்தனமாரி இல்லை என்று தலையாட்டக்கூட இல்லை. அவ்வளவுதான், இனி ஊரில் பெண் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மரத்தில் தலையை முட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

கூட்டம் கலையவும் மனசில்லாமல் அங்கங்கே நின்றது. ஜெபக்கனி அண்டாவைச் சாய்த்து, அடியில் தங்கிய மண்டியைப் போட மனசு வராமல் கரண்டியால் வழித்து வாயில் ஊற்றிக்கொண்டு, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து சந்தனமாரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

அப்போது சந்தனமாரியின் வயிற்றில், மிகவும் மெதுவாக, ஒரு சுண்டு.

அவள் மூச்சைப் பிடித்தாள். இன்னொன்று. இருக்கு என்று அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் எட்டாவது வரிசைக் கிழவிகளைத் திரும்பிப் பார்க்க, கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே குழப்பம். சந்தனமாரி மட்டும் கவிழ்த்து வைத்த அண்டாவைப் பார்த்தாள்.

"யக்கா, அடியில கெடந்த மிச்சத்த யாரு குடிச்சா?"

ஜெபக்கனி வாயைத் துடைத்தாள். ஊற்றுகிறவள் கடைசியில் சாப்பிடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான், அதனால் ஊற்றுகிறவளை யாரும் ஆளாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. நர்ஸ் எழுந்து வந்து அவள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். உப்புத் தண்ணியில் நிற்கிற கால் வீங்கத்தானே செய்யும் என்று விட்டிருந்த கால், அழுத்திய இடம் குழியாகவே நின்றது. கைப்பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள், எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பிறகு சுவரோரம் ஈரத்துண்டோடு நின்ற பலவேசத்தைப் பார்த்து, ஒங்க கண்ணுல மின்னுதது ஒங்களுது இல்ல அண்ணாச்சி, இவங்களுது, வண்டிய எடுங்க என்றாள்.

எனக்கு நின்னுட்டுன்னுல்லா நெனச்சேன், என்று ஜெபக்கனி சொல்லிக்கொண்டே இருந்தாள். மாதம் தள்ளியதை வயசுக்குக் கணக்குப் பண்ணி, வயிறு போட்டதைக் கங்காணி பசிக்குக் கணக்குப் பண்ணி, காலைத் தண்ணிக்குக் கணக்குப் பண்ணி, தலைவலியும் உதையும் வேறு ஆட்களிடம் போய்விட, எட்டு மாதமாக ஒரு பிள்ளை தன்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியவே இல்லை. பலவேசத்தின் வேனில் ஏறும்போது அவள் ஷைனியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எம் மவளுக்குப் பிரசவம் பாக்க வேண்டிய நேரத்துல நான் போயிப் படுக்கணுமா, இந்த மூஞ்சிய எங்கட்டி கொண்டுபோயி வைக்கட்டும்," என்றாள்.

யாரும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது என்று மைக்கில் சொன்னதை ஊர் காப்பாற்றியது. டேனியல் மட்டும் யாரும் கேட்காமலே பம்ப் ஷெட் பக்கம் நடந்தார், பிறகு திரும்பி ஓடிவந்து வேனின் பின்னால் தொற்றிக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரி போகும்வரை சந்தனமாரி வயிற்றில் கைவைத்து, இருக்கு, இருக்கு, என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்திய பிறகும் வராந்தாவில் நின்று சொன்னாள். சட்டென்று சொல்ல முடியாமல் போயிற்று. உள்ளே எதுவும் இல்லை, தூங்குகிற அமைதி இல்லை இது, சாமான் எடுத்த வீடுமாதிரி மொத்தமாகக் காலியாகிவிட்டது. போச்சு என்று தரையில் உட்கார்ந்தாள். டேனியல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்தார். கதவுக்கு அந்தப் பக்கம் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் கேட்கிறவரை இரண்டு பேரும் அப்படியேதான் இருந்தார்கள். பெண் பிள்ளை. ஒன்றரைக் கிலோ. தாயும் பிழைத்தாள்.

சந்தனமாரிக்கு மிஞ்சியது என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், அன்று சாயங்காலமே அந்தப் பிள்ளையின் பசி அவள் வயிற்றுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை, பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிப் பாத்தியில் அவள். சின்னதாக ஒரு கிள்ளல் எடுக்கும், உடனே போன் போடுவாள், பால் குடுங்க என்பாள். ஜெபக்கனி வீடு திரும்பிய பிறகு ஒருநாள் சந்தனமாரி அவளிடம், தேடாமல் வைத்திருந்த இரண்டு மாதத்தைப் பற்றிச் சொல்லி, மன்னிச்சிரு யக்கா என்றாள். ஜெபக்கனி பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நீ வச்சிருந்ததுனாலதாம்ட்டி இருக்கு, எங்கிட்ட இருந்திருந்தா துண்ட இறுக்கியிருப்பேன் என்றாள்.

ஐப்பசியில் முதல் மழை வந்தது. காலையில் பத்து மணிக்கு வானம் கறுத்து, எல்லோரும் அம்பாரத்தின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூட ஓடினார்கள், பாதி மூடுவதற்குள் கொட்டிவிட்டது. அந்த மழையில்தான் எல்லாம் திரும்பின. பலவேசம் நாற்காலியிலிருந்து எழுந்து மரத்துக்குப் பின்னால் போய்விட்டு ஒரே தடவையில் திரும்பி வந்து சிரித்தார். டேனியல் தன் குடத்தில் குடித்தார், தீர்ந்தது. நிறையப் பேருக்குத் தங்களுடையதே புதிதாக இருந்தது, இன்னொருத்தர் பசியைவிடத் தன் பசி கொஞ்சம் கசப்பு என்று ஒருத்தி சொன்னாள். சந்தனமாரியின் வயிற்றிலிருந்த சின்னக் கிள்ளல் போய்விட்டது. தார்ப்பாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், இனிமேல் அந்தப் பிள்ளை அழுதால் எதற்கு என்று எல்லோரையும் போலத் தானும் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது, ஏன் என்று புரியவில்லை. இடுப்பிலிருந்த போனும் அடிக்கவில்லை.

அப்போதுதான் தொண்டை எரிந்தது.

தலையிலிருந்து கால்வரை மழை வழிந்துகொண்டிருக்க, தொண்டைக்குள் மட்டும் உப்பைக் கொட்டியதுபோல எரிச்சல். எல்லாம் திரும்பிப் போன பிறகு இது யாருடையது என்று அவள் குழம்பினாள். பாவம், எவளோ காய்ந்துபோய்க் கிடக்கிறாள் என்று பதறி, கையை வாயில் குவித்து, யாருக்குத் தண்ணி, என்று நீட்டிக் கூவினாள். பாத்திக்குப் பாத்தி கூவல் போனது. மழைக்கு ஒதுங்கிய பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குடித்தார்கள். எரிச்சல் அடங்கவில்லை. மறுபடியும் கூவினாள். ஆண்களும் குடித்தார்கள், பலவேசமும் குடித்தார், பிள்ளைக்கென்று புதிதாக ஓலை வேய்ந்திருந்த கொட்டகையில் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த ஜெபக்கனியும் நர்ஸ் கொடுத்த பாட்டிலிலிருந்து குடித்தாள். எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. உசுரு போவுது, யாராவது குடிக்காம இருந்தா குடிங்க என்று சந்தனமாரி அழுகிற குரலில் கெஞ்சினாள்.

ஜெபக்கனி முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு, ஒரு கையில் செம்போடு, மழையில் இறங்கி வரப்பு வழியாக அவளிடம் வந்தாள்.

"எல்லாரும் குடிச்சாச்சு," என்றாள். "நீ குடிச்சியாட்டி?"

சந்தனமாரி செம்பை வாங்கினாள்.